மாமா வழி தவறாதிருக்க

சாகர்,
9 ஆகஸ்ட் 1986

மாமாவுக்கு, பாதம் தொட்டு ஆபா எழுதுவது.

நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வந்திருக்கவில்லையாம். இதையே என் முதல் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மவ்ரானிபூரில் இருக்கும் உங்கள் அக்கா துலாரியின் இரண்டாவது பெண். சாகரில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படிக்கிறேன். உங்கள் விலாசத்தை அப்பாதான் கொடுத்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் சாதி விட்டு மாமியைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை. வெளியார் யாராவது கேட்டால், "எனக்குத் தம்பி கிடையாது" என்று அம்மா சொல்லிவிடுவாள்.

இப்போது திடீரென்று எழுதக் காரணம் என் படிப்பு. சொன்னால் சிரிப்பீர்கள். நான் படிப்பது கதை. ராஜா ராணிக் கதை, பேசும் கிளிக் கதை, ஏழு கடல் தாண்டிய பூதத்தின் கதை. இதற்கும் ஒரு பட்டம் தருகிறார்கள். கரே மேடம் பாடம் எடுக்கிறார். வகுப்பு காலை பதினோரு மணிக்கு.

முதல் நாளே தகராறு. மேடம் "ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்ததும் பிரதாப் என்ற பையன் எழுந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினான். பையிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்து மேஜையில் ஏற்றி வைத்தான். பகலில் கதை சொன்னால் மாமா வழி தவறிப் போவார் என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அவன் மாமா போபால் தடத்தில் பஸ் ஓட்டுகிறாராம். மேடம் கொஞ்ச நேரம் மெழுகுவர்த்தியையே பார்த்தார். "சூரியனை ஏமாத்தத் தெரிஞ்சவன் நீ. என் மாமனாரையும் ஏமாத்தக் கத்துக் குடேன்" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் ஜன்னலைத் திறக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவரும் தம் தம் மாமா எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் பீனாவில், ஒருவர் வயலில், ஒருவர் ராணுவத்தில். என் முறை வந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் அப்பாவுக்கு எழுதி உங்கள் விலாசம் கேட்டேன்.

எங்கே இருக்கிறீர்கள், மாமா?

உங்கள் மருமகள்,
ஆபா


ஷாடோல்,
28 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மருமகள் ஆபாவுக்கு, மாமா ஹர்தயாளின் ஆசிகள்.

உன் கடிதத்தை வீட்டில் பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். நான் சரக்கு வண்டியில் கார்டு. கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போகிற உத்தியோகம். அனூப்பூர் தாண்டி அவுட்டர் சிக்னலில் நிறுத்திவிட்டான். அங்கே நிறுத்தினால் எப்போது விடுவான் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் காடு, மழை. அங்கேதான் படித்தேன்.

எங்கே இருக்கிறேன் என்று கேட்டாய். தண்டவாளத்தின் மேல் இருக்கிறேன். பிரதாப்பிடம் சொல், ஆபாவின் மாமாவுக்கு வழி தவற வசதியே இல்லை என்று. நீ பட்டப் பகலில் எத்தனை பூதத்தை வேண்டுமானாலும் அவிழ்த்து விடு. என் வண்டி கட்னிக்குப் போகும், திரும்பி வரும்.

உன் மாமி பெயர் சுக்வாரோ. இங்கே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாள். நெடுங்காலம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள், சோன்மதி. ஐந்து வயது. உன் கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். மெழுகுவர்த்திக் கதையை சோன்மதி திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உன் பெயர் இப்போது எங்கள் வீட்டில் "கதைக்கார அக்கா".

உன் அம்மா, என் ஜிஜ்ஜி, எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் பேனாவை எடுத்து வைத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். கேட்டதாக வைத்துக்கொண்டு நீயே எழுது.

மாமா


சாகர்,
20 செப்டம்பர் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜிஜ்ஜி நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்கிறாள், மாடிப்படியில் என்னைவிட வேகமாக ஏறுகிறாள். அப்பாவைத் திட்டாத நாளில் தனக்கே ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லட்டுமா? வேறு யாரிடமும் இதைச் சொல்ல வருவதில்லை. ஹாஸ்டலில் சொன்னால், "எல்.கே.ஜி.க்குப் பிறகு நேரா எம்.ஏ.வா?" என்கிறார்கள்.

ஒரே கதையைப் பல வீடுகளில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார் மேடம். எனக்கு வந்த கதை இது. ஒரு ராஜகுமாரிக்கு எந்தச் சத்தமும் அலுத்துவிடுகிறது. வீணை, மழை, குயில் எல்லாம். யாருமே இதுவரை கேட்காத ஒரு சத்தத்தைக் கொண்டு வருகிறவனுக்கே மாலை போடுவேன் என்று ஏழாவது மாடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். ராஜகுமாரர்கள் வருகிறார்கள், தோற்கிறார்கள். கடைசியில் ஒரு குயவன் மகன் மூடிய பானையோடு வருகிறான்.

பானைக்குள் என்ன சத்தம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். செக்கு ஆட்டுகிறவர் வீட்டில், மண்ணுக்குள் எள் விதை வெடிக்கிற சத்தம் என்றார்கள். வளையல்காரர் வீட்டில், சூடான வளையல் ஆறும்போது அதற்குள் ஓடுகிற சத்தம். தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஒரு அம்மா, பானைக்குள் ஒன்றுமே இல்லை, அந்தப் பையன் தன் காதைத்தான் கொண்டு வந்தான் என்றார். அதோடு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே வெகுநேரம் நின்றேன்.

விளக்கு வைத்த பிறகுதான் எந்த வீட்டிலும் வாய் திறக்கிறார்கள். நானும் தோழி ஒருத்தியும் அந்தி சாயும் நேரத்தில் கிளம்புவோம். ஒரு வீட்டில் கேட்ட கதையோடு அடுத்த வீட்டுப் படி ஏறும்போது, கைக்குள் வைத்திருந்த தண்ணீர் வேறு நிறமாகிவிட்டது போல இருக்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பினால் அறைச் சுவர்கூடப் புதிதாகத் தெரிகிறது. நிறையப் புத்தகம் படித்தவள் நான், மாமா. ஆனால் படித்த எதுவும் இப்படி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாறியதில்லை.

பகலில் ஏன் சொல்லக் கூடாது என்றும் எல்லாரையும் கேட்கிறேன். முடி கொட்டும் என்றார் ஒருவர். எருது நொண்டும் என்றார் இன்னொருவர். மற்ற எல்லாருக்கும் மாமாதான். இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேடம்.

அந்தப் பானைக்குள் என்ன சத்தம்? உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆபா


ஷாடோல்,
17 அக்டோபர் 1986

அன்புள்ள ஆபா,

சுக்வாரோவிடம் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "விடியறதுக்கு முன்னால சருகு மேல இலுப்பைப் பூ விழற சத்தம். அதைக் கேட்டவங்க நாங்க மட்டும்தான். ராஜாவுக்குப் பொறந்தவ எப்படிக் கேட்டிருப்பா, தூங்கிட்டு இருந்திருப்பா" என்றாள். அவர்கள் பக்கத்தில் பகலிலும் கதை சொல்வார்களாம். "எங்க மாமாக்கள் காட்டுக்குள்ளேயே இருக்கறவங்க. வழி தவறினா எங்க போவாங்க, அடுத்த மரத்துக்கா?" என்று கேட்கிறாள்.

என்னைக் கேட்டால், நீளமான சரக்கு வண்டி நிற்கிற சத்தம் என்பேன். எஞ்சின் எப்போதோ நின்றுவிடும். ஒவ்வொரு பெட்டியாக முட்டிக்கொண்டு அந்த நிற்றல் என்னிடம் வந்து சேரும். அது வந்து சேர்ந்த பிறகு ஒரு நொடி. அந்த ஒரு நொடியைப் பானையில் பிடித்துக் கொடுக்கலாம்.

இப்படியெல்லாம் நான் எழுதுவேன் என்று எனக்கே தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போவாய். நல்லபடி போய் வா.

மாமா


மவ்ரானிபூர்,
5 நவம்பர் 1986

மாமாவுக்கு,

இதை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அம்மா இருக்கிறாள்.

இன்று மதியம் அம்மா முற்றத்தில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படிப்புக்கு வேண்டும், அந்த ராஜகுமாரி கதையை உன் வாயால் சொல்லு என்றேன். சாயங்காலம் ஆகட்டும் என்றாள். சாயங்காலம் உமா அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், ராத்திரி எனக்கு வண்டி, இப்போதே சொல்லு என்றேன். மாட்டேன் என்றாள்.

ஏன் என்று கேட்டேன். தெரியாதது போலத்தான் கேட்டேன். அவளும் வழக்கமான பதிலைச் சொன்னாள், மாமா வழி தவறுவார் என்று.

அதற்குப் பிறகு நான் கேட்டதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"உனக்குத்தான் தம்பியே கிடையாதே அம்மா. யாரு வழி தவறப் போறாங்க?"

முறம் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. உளுந்தைத்தான் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எந்தக் காட்டுல, எந்த வண்டியில போறானோ. எனக்கென்ன தெரியும்?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன் மாமா. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஜுரம் வந்து படுத்தால்கூட, அழுது புரண்டால்கூட, அம்மா பகலில் ஒரு கதை சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்ல வந்தால் எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எங்களுக்கு வேறு மாமா கிடையாது. இத்தனை வருஷமும் உங்கள் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை ஆராய்ச்சியில் எழுத முடியாது. உங்களுக்கு எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆபா


ஷாடோல்,
14 டிசம்பர் 1986

அன்புள்ள ஆபா,

பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

உன் கடிதத்தை இந்தத் தடவை இங்கே யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மூன்று நாள் வைத்திருந்து பிறகுதான் சுக்வாரோவிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோபிக்காதே. "உங்க ஜிஜ்ஜி உங்க வழியைக் காவல் காத்தாங்க, சரி. கதவைத் திறந்து வச்சாங்களா?"

எங்கள் அப்பா செத்தபோது ஒரு தந்திகூட வரவில்லை, ஆபா. மாதக்கணக்கில் கழித்து, கட்னி பிளாட்பாரத்தில் நம் ஊர்க்காரன் ஒருவன் டீ குடித்துக்கொண்டே சொன்னான். கையில் பச்சைக் கொடியோடு நின்று கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊர் இல்லை என்று ஆகிவிட்டது. ஜிஜ்ஜிக்கும் ஒரு வருத்தம் இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று அவளிடம்கூடச் சொல்லாமல் செய்தவன் நான்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நல்ல தூக்கம் வருகிறது. அதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமா


மவ்ரானிபூர்,
22 பிப்ரவரி 1987

அன்புள்ள மாமாவுக்கு,

உமாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. சித்திரை முடிந்து கல்யாணம். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவது என்று பேச்சு வந்தது. தூரத்து உறவில் ஒரு தம்பியை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் பெரியப்பா. அம்மா தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். ஏற்கெனவே தண்ணீர் வைத்த மாட்டுக்கு.

அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், உங்களுக்குக் கடிதம் எழுதி வருகிறேன் என்று. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அவ என்ன சொல்றா?" மாமியைத்தான். பெயரை இன்னும் சொல்லவில்லை. கதவைப் பற்றி மாமி சொன்னதை மறைக்காமல் சொன்னேன். "வாய் இருக்கு அவளுக்கு" என்றாள் அம்மா. குரலில் கோபம் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அக்கா நேரில் வந்து வெல்லம் வைத்து அழைத்தால் வருவீர்களா, மாமா? நம் வழக்கப்படி அவள்தானே தம்பி வாசலுக்கு வர வேண்டும்.

ஆபா


ஷாடோல்,
6 மார்ச் 1987

அன்புள்ள ஆபா,

உமாவுக்கு என் ஆசி. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ராம்லீலா காட்டியவன் நான்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஜிஜ்ஜி வந்தால் வழியெல்லாம் என் துண்டை விரிப்பேன். ஆனால் வாசலில் நின்று என்னை மட்டும் அழைத்துவிட்டுப் போனால் நான் வர மாட்டேன். சுக்வாரோ இல்லாமல் நான் எந்தப் பந்தலிலும் நிற்கப் போவதில்லை. இவ்வளவு காலம் இவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததை நானே செய்ய வேண்டும்.

மாமா


சாகர்,
21 மார்ச் 1987

மாமா,

அவசரமாக எழுதுகிறேன். அம்மா வருகிறாள். இன்று என்னிடம் வந்து தங்கியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஷாடோலில் இறங்குவாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு, தம்பி வீட்டுக்குப் போகத் துணை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். "வெல்லத்தை வாசல்ல வச்சுக் கூப்பிடுவேன். ரெண்டு மணி வண்டிக்குத் திரும்பிடுவேன். அந்த வீட்டுத் தண்ணி எனக்கு இறங்காது" என்கிறாள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பேசப் பேச அவள் முகம் மூடிக்கொண்டது.

உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் கடிதத்தால் வழி போட்டேன். அது எங்கே கொண்டு போய் விடப் போகிறதோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு நாளாகக் கதைப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

நடந்ததை உடனே எழுதுங்கள். கெட்டதாக இருந்தாலும்.

ஆபா


ஷாடோல்,
24 மார்ச் 1987, மாலை

அன்புள்ள ஆபா,

உடனே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஸ்டேஷனில் ஜிஜ்ஜியை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. தாடி இல்லாத தம்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் காலைத் தொட்டேன். என் தலையில் கையை வைத்தவள் எடுக்க மறந்துவிட்டாள். வழி நெடுக நாங்கள் பேசியது உன் அப்பாவின் மூல வியாதியைப் பற்றியும் வெல்லத்தின் விலையைப் பற்றியும்தான்.

வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டாள். சுக்வாரோ செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். ஜிஜ்ஜி வாங்கவில்லை. "வண்டி ரெண்டு மணிக்கு" என்றாள், என்னைப் பார்த்து. சுக்வாரோ செம்பைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே கொண்டு போகவும் இல்லை. நான் நடுவில் நின்றேன். ஜிஜ்ஜி வெல்லக் கட்டியை முந்தானையிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சோன்மதி எங்கிருந்தோ ஓடி வந்தாள். கதைக்கார அக்காவின் அம்மா வருகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முந்தானையைப் பிடித்து இழுத்து, கதை சொல்லு என்றாள். ஜிஜ்ஜி அவளைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் அம்மாவின் மூக்கு அவளுக்கு.

"பகல்ல சொல்லக் கூடாதுடி கண்ணு. மாமா வழி தவறிடுவார்."

"அப்பா இங்கதானே நிக்கறாரு?" என்றாள் இவள், என்னைக் காட்டி. ஜிஜ்ஜியின் தம்பி என்றால் மாமா என்று கணக்குப் போட்டுவிட்டாள் போல.

"அவன் ஆபாவுக்கு மாமா. உனக்கு அப்பா. உன் மாமா வேற ஆளு" என்றாள் ஜிஜ்ஜி. சொன்னவள் அப்படியே நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆபா. மெல்ல நிமிர்ந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சுக்வாரோவைப் பார்த்துப் பேசினாள்.

"உன் அண்ணன் எங்க இருக்கான்?"

"சந்தைக்குப் போயிருக்கான். மாடு வாங்க."

"எந்த வழி?"

"காட்டு வழிதான். பொழுது சாஞ்சுதான் வருவான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

ஜிஜ்ஜி செருப்பைக் கழற்றினாள். "அப்ப அவன் வந்து சேரட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே சுக்வாரோவின் கையிலிருந்த செம்பை வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

சுக்வாரோ என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அதெல்லாம் கிடையாது, பகலிலும் சொல்லலாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு மணி வண்டி கூவிக்கொண்டு போனது. அடுப்படியில் இரண்டு பேரும் உன் மாமியின் சம்பளத்தைப் பற்றியும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் குணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். உமா கல்யாணத்துக்கு என்ன நிறப் புடவை கட்டுவாய் என்று ஜிஜ்ஜி கேட்டது காதில் விழுந்தது. மாமியைத்தான் கேட்டாள்.

இப்போது வெயில் இறங்கிவிட்டது. மைத்துனன் புத்ராம் இன்னும் வரவில்லை. கொழுத்த மாடாக வாங்கியிருந்தால் மெதுவாகத்தான் வருவான். சோன்மதி விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறாள். ஜிஜ்ஜி இதோடு இரண்டு தடவை எழுந்து போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் காட்டுப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது மறுபடியும் எழுந்திருக்கிறாள். சுக்வாரோவும் கூடப் போகிறாள்.

உன் மாமா,
ஹர்தயாள்